சிகாகோ தளத்துத் தமிழ் லெக்சிகன்: 'அந்தரித்தல்' என்ற ஒரே சொல்லோடு நான்கு நாள்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதியை சிகாகோ பல்கலைக்கழகம் தன் தெற்காசிய அகராதித் தளத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறதே, அந்தச் சேவையைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. பல வருடமாக அவ்வப்போது எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற இடம்தான். ஆனால் போன மாதம் ஒரே ஒரு சொல்லுக்காக நான்கு நாள் அதிலேயே கிடந்தேன். அதன் அருமை அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

நடந்தது இது. ஒரு சிறு பத்திரிகைக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தங்கை பயணக் கட்டுரை அனுப்பியிருந்தார். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் நாள். சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதையில் தண்ணீர் நிற்கிறது, விமானங்கள் நிறுத்தப்பட்டுவிட்டன. அம்மாவின் கண் சிகிச்சைக்காக சென்னைக்கு வரவேண்டியவர் கட்டுநாயக்க விமான நிலையத்தில் அம்மாவோடு ஒரு ராத்திரி முழுக்க நின்றிருக்கிறார். விமான நிறுவனத்தின் மேசையில் ஆள் இல்லை. கொழும்பில் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போகலாம் என்றால் கையில் இருந்த காசு கணக்குப் போட்டு எடுத்து வந்த காசு. "அம்மாவும் நானும் அந்தரித்துப்போய் நின்றோம்" என்று எழுதியிருந்தார். நான் அதைச் சிவப்புக் கோடு போட்டு அடித்துவிட்டு, 'சிக்கித் தவித்தோம்' என்று மாற்றினேன். தமிழ்நாட்டு வாசகருக்கு அந்தரித்தல் புரியாது என்று எண்ணினேன். 'அந்தரத்தில் தொங்குவது' என்பதை அவர் எப்படியோ வினையாக்கிவிட்டார் என்றுகூட எண்ணினேன்.

மறுநாள் காலையில் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஏன் அண்ணா அந்தச் சொல்லை மாத்திப்போட்டியள்?"

"வாசகருக்குப் புரியணும்மா. ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லை அண்ணா. நாங்கள் ஒண்டிலையும் சிக்கேல்லை. கதவு திறந்துதான் கிடந்தது. வெளியில வந்தால் போறதுக்கு ஒரு இடமில்லை, உள்ளுக்க இருந்தால் கேக்கிறதுக்கு ஒரு ஆளில்லை. அதுக்குப் பேர்தான் அந்தரிக்கிறது."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

முதலில் கைப்பேசியில் இருந்த ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் ஆங்கிலத்து 'ஸ்ட்ராண்டட்' என்ற சொல்லைப் போட்டேன். 'சிக்கித் தவிக்கும்' என்று வந்தது. வெறும் 'ஸ்ட்ராண்ட்' என்று போட்டால் 'இழை' என்றது, தலைமுடி இழை, நூல் இழை. அந்தரித்தல் என்று தமிழில் போட்டால் அதற்கு ஒன்றுமே தெரியவில்லை. சரி, இதில் நேரம் போக்க வேண்டாம் என்று சிகாகோ தளத்துக்குப் போனேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் 'சொல்லே இல்லையே' என்று திரும்பிப் போய்விடுகிறார்கள். லெக்சிகனில் வினைச்சொல் தலைச்சொல்லாக நிற்கும்போது வேரும் விகுதியும் நடுவில் ஒரு சிறு கோட்டால் பிரிந்து நிற்கும். 'அந்தரி', பிறகு கோடு, பிறகு 'த்தல்'. அதனால் முழுச் சொல்லைத் தட்டுவதைவிட வேரை மட்டும் தட்டித் தேடுவது நல்லது. அந்தரி என்று போடுங்கள், தவி என்று போடுங்கள், தத்தளி என்று போடுங்கள். அந்த 'த்தல்' அங்கே சும்மா நிற்கவில்லை, அது வினை எந்த வகையில் திரியும் என்று சொல்கிறது. பக்கத்தில் வகை எண்ணும் இருக்கும்.

சொல் கிடைத்தது. உதவியற்ற நிலையில் இருப்பது என்கிற பொருள். அதோடு, அது 'அந்தர' என்ற வடசொல்லிலிருந்து வருகிறது என்ற குறிப்பும். அங்கிருந்து அந்தரம் என்ற பெயர்ச்சொல்லுக்குப் போனால் ஆகாயம், வெளி, நடு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பொருள்கள் வரிசையில் நிற்கின்றன. அந்த 'நடு' என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன்.

ஏனென்றால் தமிழில் போக்கிடம் இல்லாமல் நிற்பவரை எங்கே நிறுத்துகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். நட்டாற்றில் விட்டான் என்கிறோம். நடுத்தெருவில் நிறுத்திவிட்டான், நடுவழியில் இறக்கிவிட்டான், நடுக்கடலில் தள்ளிவிட்டான், அந்தரத்தில் தொங்கவிட்டான். எல்லாமே நடு. அக்கரையும் இல்லை, இக்கரையும் இல்லை. ஆங்கிலத்துக்காரர்கள் அதே நிலைமையைச் சொல்ல எடுத்துக்கொண்டது கடற்கரையை: அந்த ஊரில் ஸ்ட்ராண்ட் என்றால் கரை, கப்பல் கரையில் ஏறி நகரமுடியாமல் கிடப்பதுதான் அந்தச் சொல்லின் முதல் படம். அவர்களுக்குக் கரையில் மாட்டுவது கஷ்டம், நமக்குக் கரை கிடைக்காததுதான் கஷ்டம். 'எப்படியோ கரை சேர்ந்துட்டேன்' என்று மகளுக்குக் கல்யாணம் முடித்த அப்பா சொல்கிற மொழியில், கரையில் கிடப்பதைத் துன்பமாக எப்படிச் சொல்வது? ஆங்கிலத்துச் சொல்லை நேராக வைத்துத் தமிழைத் தேடியது என் தப்பு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அந்தத் தங்கை சரியான இடத்திலிருந்து சொல்லை எடுத்திருக்கிறார்.

யாழ்ப்பாணத்துப் பேச்சில் இந்தச் சொல் இன்னும் நன்றாக உயிரோடு இருக்கிறது. 'அந்தரப்படாதேங்கோ' என்றால் பதறாதீர்கள். 'அந்தரம் ஆபத்துக்கு' என்றால் நெருக்கடி நேரத்துக்கு. 'அந்தரம் ஆபத்துக்கு ஒரு காசு வைச்சிரு' என்று பாட்டிமார் சொல்வார்கள். நம் பக்கத்தில் அந்தரம் வெறும் ஆகாயமாகவும் சர்க்கஸ் வித்தையாகவும் சுருங்கிவிட்டது.

லெக்சிகனில் இந்த இலங்கைப் பக்கம் விட்டுப்போகாமல் இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் இன்னும் பிரயோஜனம். யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைட் என்ற பாதிரியார் தொடங்கிய சொல் சேகரிப்பு, கைமாறிக் கைமாறி, உடுவிலில் பல வருடம் இருந்து பிறகு சென்னைக்கு வந்த அமெரிக்க மிஷனரி மிரோன் வின்சுலோவிடம் சேர்ந்தது. அவர் அதை 1862-இல் அறுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களோடு அகராதியாக வெளியிட்டார். அந்த வின்சுலோவைத் திருத்தி விரிவாக்கலாம் என்றுதான் 1913-இல் சாண்ட்லர் என்ற மிஷனரியின் தலைமையில் லெக்சிகன் வேலையே தொடங்கியது. கடைசியில் அது வேறொரு பெரிய நூலாகவே ஆகிவிட்டது: 1924-இலிருந்து 1936 வரை ஆறு தொகுதிகள், 1939-இல் ஒரு பின்னிணைப்பு, ஒரு லட்சத்துக்கும் மேலான சொற்கள், பிற்பாதி முழுக்க ச. வையாபுரிப் பிள்ளையின் பதிப்பாசிரியப் பொறுப்பில். வின்சுலோவிலிருந்து வந்த சொல்லுக்கு அவர் பெயரின் முதலெழுத்தும், யாழ்ப்பாண வழக்குக்கு அந்த ஊர்ப் பெயரின் ஆங்கில முதலெழுத்தும் அடையாளமாகப் போட்டிருப்பார்கள். சொல்லைப் பார்த்ததும் பொருளுக்குப் பாயாமல் அந்த ஒற்றை எழுத்தையும் பாருங்கள். அந்தச் சொல் எந்த ஊரிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். வின்சுலோவும் அதே தளத்திலேயே தனியாக இருக்கிறது, பெப்ரிஷியஸ் அகராதியும் இருக்கிறது, பரோ, எமனோ இருவரும் செய்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியும் இருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ப் போய்ப் பார்க்கலாம். விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கு, கடவுச்சொல் கொடு என்ற தொல்லை கிடையாது.

இரண்டாவது நாள் 'தவி'க்குப் போனேன். என் மாற்றம் ஏன் தப்பு என்று எனக்கே விளங்க வேண்டியிருந்தது.

தவித்தல் என்றால் இல்லாமையால் வருந்துவது. ஆனால் எனக்கு அகராதியைப் பார்க்கும் முன்பே நினைவுக்கு வந்தது என் பெரியம்மாதான். தென் மாவட்டத்தில் 'தண்ணி தவிக்குது' என்றால் தாகமாக இருக்கிறது, அவ்வளவுதான். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் பெரியம்மா கேட்கும் முதல் கேள்வி 'தண்ணி தவிக்குதாய்யா?' வெண்கலச் செம்பின் வாயில் விரல் படாமல் நீட்டுவார். தவிச்ச வாய்க்குத் தண்ணி கொடுக்காதவன் என்றால் அதைவிடக் கேவலமான ஏச்சு எங்கள் பக்கத்தில் கிடையாது. ஆக, தவிப்பு என்ற சொல்லில் வறண்ட தொண்டை இருக்கிறது. உடம்பு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அதே தாகத்துக்கு 'தண்ணி விடாய்க்குது' என்பார்கள். விடாய் லெக்சிகனில் தாகமாகவும் களைப்பாகவும் நிற்கிறது. அந்தத் தங்கைக்குத் தாகமென்றால் விடாய், ஆகவே நான் எழுதிய 'தவித்தோம்' அவர் காதில் என் பெரியம்மாவின் குரலில் கேட்டிருக்க வழியே இல்லை.

இதற்காக 'சிக்கித் தவிப்பு' கெட்ட சொற்றொடர் என்று சொல்லவரவில்லை. அதற்கென்று உரிய இடம் இருக்கிறது, அந்த இடத்தில் அதைவிடச் சிறந்த சொல் கிடையாது. அதே 2023 டிசம்பரில், புயல் போய் இரண்டு வாரத்துக்குள், தென் மாவட்ட வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. 17-ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது, ஏனென்றால் அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையே வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. சுமார் 800 பயணிகள். சுற்றிலும் தண்ணீர், சாலையும் துண்டிப்பு. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டிலும் வெள்ளம் இருக்க, அரிசி கொண்டுவந்து சமைத்துப் போட்டார்கள். ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் வந்தது. 19-ஆம் தேதிதான் பெரும்பாலானவர்கள் வெளியேற முடிந்தது. இவர்கள் உண்மையாகவே சிக்கினார்கள், உண்மையாகவே தவித்தார்கள். சுற்றிலும் தண்ணீரை வைத்துக்கொண்டு குடிக்கத் தண்ணீர் இல்லாத தவிப்பு. 2022 மார்ச்சில் உக்ரைனின் சுமி நகரத்தில் மாட்டிய நம் மாணவர்கள் பனியை உருக்கிக் குடித்தார்கள், அதற்கும் அதே சொல்தான் பொருத்தம். ஆனால் போக்குவரத்து நெரிசலில் அரைமணி நேரம் நின்றவருக்கும், சர்வர் வேலை செய்யாமல் டிக்கெட் எடுக்க முடியாதவருக்கும், கதவு திறந்த கட்டடத்தில் கேட்க ஆளில்லாமல் நின்ற ஒரு தாய்க்கும் மகளுக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரையைக் குத்தினால் ஸ்ரீவைகுண்டத்துக்காரர்களுக்கு என்ன சொல் மிச்சம்?

இந்தத் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்த வசதி, பொருள் பகுதிக்குள்ளேயும் தேடலாம் என்பது. லெக்சிகனில் தமிழ்ப் பொருளோடு ஆங்கிலப் பொருளும் இருப்பதால், ஆங்கிலச் சொல் ஒன்றைக் கொடுத்து அது எந்தெந்தத் தமிழ்ச் சொல்லின் விளக்கத்தில் வருகிறது என்று முழுதும் சலிக்கலாம். அதாவது தமிழ்–ஆங்கில அகராதியையே ஆங்கிலம்–தமிழாகத் திருப்பிக்கொள்ளலாம். கைவிடப்படுதல், உதவியின்மை, கரையில் மோதுதல் என்று ஆங்கிலத்தில் ஒவ்வொரு பொருளாகப் போட்டு மூன்றாவது நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். நிர்க்கதி வந்தது. கதி இல்லாதது, போகும் வழியே இல்லாதது. இலங்கைப் பத்திரிகைகளில் 'நிர்க்கதியான மக்கள்' என்று இன்றும் பார்க்கலாம். நாதியற்று, திக்கற்று, அநாதரவாக என்று ஒவ்வொன்றும் வேறு வேறு இல்லாமையைச் சொல்வதைப் பாருங்கள்: ஒன்றில் ஆள் இல்லை, ஒன்றில் திசை இல்லை, ஒன்றில் தாங்கிப்பிடிக்கக் கை இல்லை. கப்பலுக்குத் 'தரை தட்டுதல்' என்ற அருமையான சொல் மீனவரிடமும் மாலுமியிடமும் இருக்கிறது, கப்பலின் அடி மண்ணில் தட்டும் சத்தமே அதில் கேட்கும்.

திமிங்கலத்துக்குத்தான் நல்ல சொல் அமையவில்லை என்று எனக்குப் படுகிறது. 2016 ஜனவரியில் மணப்பாடு கடற்கரையில் 80-க்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் வந்து கிடந்தன. மீனவர்கள் அவற்றைத் திரும்பத் திரும்பக் கடலுக்குள் தள்ளிவிட்டார்கள், அவை திரும்பவும் கரைக்கே வந்தன, பாதிக்குமேல் செத்துப்போயின. எல்லாப் பத்திரிகையிலும் 'கரை ஒதுங்கின'. ஒதுங்குவது என்றால் மழைக்கு ஒதுங்குவது, நிழலுக்கு ஒதுங்குவது, ஓர் ஓரமாகப் போய் நிற்பது. அதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. மூச்சு முட்டிச் சாகும் உயிருக்கு அந்தச் சொல் மனசுக்கு ஒட்டவில்லை. செத்து மிதந்து வருவதற்கு 'ஒதுங்கியது' சரி, உயிரோடு வந்து மாட்டுவதற்குச் சரியில்லை. இதற்கு ஒரு சொல் மணப்பாட்டுக் கடற்கரையில் யாரோ ஒரு பெரியவர் வாயில் இருக்கும் என்று நம்புகிறேன்.

குறை என்று சொன்னால், அது லெக்சிகனின் வயதுதான். 1939-க்குப் பிறகு மொழி எவ்வளவோ நடந்துவிட்டது. அந்தக் காலத்து அகராதி இலக்கிய மேற்கோளை அழகாகத் தரும், ஆனால் இன்றைக்கு ஒருவர் வாயில் அந்தச் சொல் எப்படி வரும் என்று அதில் தெரிந்துகொள்ள முடியாது. நடைமுறையில் நாம் யாரும் 'நான் சிக்கித் தவிக்கிறேன்' என்று பேசுவதே இல்லை. 'மாட்டிக்கிட்டேன்' என்போம், அதில் பாதி நம் தப்பு என்ற ஒப்புதலும் இருக்கும். இன்னொருவர் தப்பு என்றால் 'அம்போன்னு விட்டுட்டுப் போயிட்டான்'. பணத்துக்கு அலைந்தால் 'அல்லாடுறேன்'. இந்த வேறுபாட்டையெல்லாம் பார்க்கப் பக்கத்தில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை வைத்துக்கொள்வது நல்லது. 1992-இல் முதல் பதிப்பு, 2020-இல் மூன்றாவது. எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு, பேச்சு வழக்கு, இலங்கை வழக்கு என்று குறித்துத் தருகிற அகராதி அது. லெக்சிகன் சொல்லின் வேரைக் காட்டும், க்ரியா அது இன்று எப்படிப் புழங்குகிறது என்று காட்டும். எனக்கு இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மெய்ப்புப் பார்த்தால் நான் செய்த மாதிரி ஊரான் எழுத்தில் கைவைக்க வேண்டிவரும்.

மொழிபெயர்ப்பவர்கள், செய்தி எழுதுகிறவர்கள், கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தத் தளத்தை உலாவியில் குறித்து வைத்துக்கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு நேராகக் கொடுத்தால் சுருக்கக் குறியீடுகளைப் பார்த்து மிரள்வார்கள், பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு சொல் தேடிக் காட்டினால் பழகிவிடும். மேற்கோள் காட்டவேண்டிய ஆராய்ச்சி மாணவர்களுக்கு அச்சு நூலின் பக்க எண்ணும் கூடவே கிடைக்கிறது. ஐந்துக்கு நாலரை தருவேன்.

நான்காவது நாள் சாயங்காலம் தங்கையைக் கூப்பிட்டு, உங்கள் சொல்லையே வைத்துவிட்டேன் என்றேன். அடிக்குறிப்பு போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் அண்ணா, அடுத்த வரியை வாசித்தால் விளங்கும் என்றார். திரும்ப எடுத்து வாசித்தேன். "அம்மாவும் நானும் அந்தரித்துப்போய் நின்றோம். கூட்டித் துடைக்கிற ஒரு அக்கா வந்து, சிங்களத்தில் ஏதோ சொல்லி, அம்மாவுக்குத் தன்ரை கதிரையைத் தந்தா."